இளைத்த உடலும் இடர்ப்படும் வயிறும்



நடுவட்டம் என்னும் இச்சிற்றூர் மருத்துவ வரலாற்றின் ஒரு மூலையில் இடம் பெற்றிருப்பதை உங்களுள் பலர் அறிவீர்கள். 1860களில் அரசாங்கம் இம்மலைச் சரிவுகளில் சிங்கோனா மரங்களை வளர்க்கத் தொடங்கியது. பின்னர் அவற்றின் பட்டையிலிருந்து கொயினா மருந்து எடுக்கும் தொழிற்சாலையும் இங்கேயே எழுந்தது. மலேரியாக் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்த மக்களை அக்கசப்புப் பட்டை காத்தது. ஆனால் கொயினாவை மிகுதியாக உட்கொண்டவர்களுக்குக் காதில் இடைவிடாத இரைச்சல் கேட்கும், செவியும் மந்தப்படும். காய்ச்சல் விட்டதே என்று மகிழ்ந்த குடும்பத்தார், இரைச்சலைப் பற்றி அவர் முறையிட்டபோது அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை. இன்று நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

நமது மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு சகோதரி. வயது நாற்பதைத் தாண்டியவர். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய எடை நூறு கிலோவுக்கு மேல் இருந்தது. சர்க்கரை நோயும் மூட்டுவலியும் வேறு. வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவருடைய தம்பி பணம் அனுப்ப, சமவெளி நகரம் ஒன்றில் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஒன்றரை ஆண்டில் உடல் பாதியாக இளைத்தது. சர்க்கரை மாத்திரை நின்றது. தேயிலைத் தோட்டத்து ஏற்றப் பாதையில் மூச்சு வாங்காமல் நடந்தார். இவையெல்லாம் உண்மை. அந்தச் சிகிச்சை அவருக்கு நன்மை செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகும்.

ஆயினும் இன்று அவர் படும்பாடு வேறு. "சாமி, ஒரு வாய் பாயசம் குடித்தால் போதும், கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, வயிறு பிசைந்து வெளியே போகிறது. சில நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. உள்ளங்கால் எரிகிறது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது" என்றார். மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். வாயுத் தொல்லைக்கென்று மாத்திரை வாங்கியிருக்கிறார். ஆனால் தமக்கு நடந்த அறுவையைப் பற்றி அந்த மருத்துவரிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காரணம், அருகில் மாமியார் அமர்ந்திருந்தார். மாமியாரிடம் அன்று சொல்லப்பட்டது "பித்தப்பைக் கல் ஆபரேஷன்" என்பதே.

இந்த ஒளிப்பைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன். முதலில், வயிற்றுக்குள் என்ன செய்யப்படுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வகை அறுவைகளுள் இன்று பெரிதும் செய்யப்படுபவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலானதை நீளவாட்டில் வெட்டியெடுத்துவிட்டு, மிஞ்சியதைச் சட்டையின் கைபோலக் குறுகிய குழாயாக விட்டுவிடுகிறார்கள். மற்றொன்றில், இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை ஒன்றை மட்டும் தனியே பிரித்து, அதனோடு சிறுகுடலை நேராக இணைத்துவிடுகிறார்கள். இரண்டு மேசைக்கரண்டி நீர் அதற்குள் அடங்கும், அவ்வளவே. உண்ட உணவு பெரும்பகுதி இரைப்பையையும் சிறுகுடலின் முற்பகுதியையும் தொடாமலே கீழே சென்றுவிடும். இந்த இரண்டாவது முறைக்கு மாற்றுவழி அறுவை, அதாவது 'பைபாஸ்' என்று பெயர்.

இது புதிய தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில் இதன் வேர் பழையது. அவ்வேரின் ஒரு கிளை நம் தமிழ் மண்ணிலேயே ஊன்றியிருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனை ஒன்று உண்டு. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேயர் குழுவில் ஒருவரான மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், பயணம் முடிந்து தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூர் மருத்துவமனையில் காத்துக்கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த பெருவாழ்வை விட்டுவிட்டு அங்கேயே பணிபுரியத் துணிந்தார். (1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, பிராணவாயுக் கருவியில்லாமலே 28,000 அடி உயரம்வரை ஏறினார் என்பது மலைநாட்டவராகிய நமக்குச் சுவையான செய்தி.) அந்நாளில் தென்னாட்டு மக்களைச் சிறுகுடற் புண் வாட்டியெடுத்தது. புண் ஆறி வடுவாகி இரைப்பையின் வாயை அடைத்துவிடும், உண்டதெல்லாம் வாந்தியாகும், மனிதர் எலும்பாகி மாள்வர். அத்தகையோருக்கு இரைப்பையையும் கீழ்க்குடலையும் இணைத்துத் தைக்கும் அறுவையைச் சாமர்வெல் ஆயிரக்கணக்கில் செய்தார். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். நம் ஊரிலிருந்து கூடலூர் வழியாக இறங்கும் சாலையின் மறுமுனையாகிய மைசூரில், அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில், பிராங்க் டோவி என்னும் மருத்துவர் 1950களிலும் 60களிலும் இதே நோயோடு போராடினார். அரிசி உண்ணும் பகுதிகளில் இந்நோய் மிகுந்தும் கோதுமை உண்ணும் பகுதிகளில் குறைந்தும் காணப்படுவது ஏன் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவரும் அவரே.

நம் வீடுகளில் எழுபது எண்பது வயதான பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அல்சர் ஆபரேஷன்" செய்துகொண்டவர் குடும்பத்துக்கு ஒருவராவது இருந்திருப்பார். கலியாண வீட்டில் அவர் கொஞ்சமாகவே உண்பார், உண்டவுடன் சற்றுப் படுத்துக்கொள்வார், இனிப்பைத் தொடமாட்டார். முகம் வெளுத்திருக்கும். நாளடைவில் எலும்பு மெலிந்து சிறு தடுக்கலுக்கே இடுப்பு முறியும். வயிற்றுப்புண் ஆறியது, ஆனால் வயிறு பழைய வயிறாக இல்லை. இதையெல்லாம் மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளாக அறியும்.

அங்கிருந்துதான் இன்றைய சிகிச்சை பிறந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் பின்னர் எடை ஏறாமல் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். அப்படியானால் அளவுமீறிப் பருத்தவர்களுக்கு இதையே மருந்தாக்கினால் என்ன என்று எண்ணினார். 1966இல் அவரும் இட்டோ என்னும் ஜப்பானியரும் சேர்ந்து முதல் மாற்றுவழி அறுவையைச் செய்தனர். ஒருவருக்குப் பக்கவிளைவாக இருந்தது மற்றவருக்குச் சிகிச்சையாயிற்று. அப்படியாயின் அப்பக்கவிளைவின் உடன்பிறப்புகளும் கூடவே வரும் என்று எதிர்பார்ப்பதுதானே முறை?

அதற்கு முன்பும் ஒரு கசப்பான பாடம் நடந்திருந்தது. 1950களில் மினசோட்டாவில் தொடங்கிய ஒருமுறையில், இரைப்பையைத் தொடாமல் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றுவழியாக ஒதுக்கிவிட்டார்கள். எடை குறைந்தது, பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், மூட்டு அழற்சி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. 1980ஐ ஒட்டி அம்முறையை மருத்துவர்கள் கைவிட்டனர். அறுவையின் நன்மை தீமைகளை முதலாண்டில் எடைபோட முடியாது. பத்தாம் ஆண்டில்தான் முடியும் என்பதை அப்போது கற்றுக்கொண்டார்கள். இன்றைய முறைகள் அதைக்காட்டிலும் மிகப் பாதுகாப்பானவை. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்று, அறுவை செய்துகொண்ட பருமனானவர்கள் செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாகவே மரணமடைந்தனர் என்று 2007இல் காட்டியது. ஆகவே அச்சமூட்டுவது என் நோக்கமன்று.

இனி அச்சகோதரியின் துன்பங்களுக்கு வருவோம். இயல்பான இரைப்பை உணவைக் கூழாக்கிச் சிறிது சிறிதாகவே குடலுக்குள் விடும். அதன் வாயிலில் காவற்காரன்போல ஒரு தசைவளையம் உண்டு. மாற்றுவழி அறுவையில் அந்தக் காவற்காரன் இல்லை. சர்க்கரை மிகுந்த உணவு ஒரே பாய்ச்சலாகச் சிறுகுடலில் விழுகிறது. அதை நீர்க்கச் செய்ய உடல், இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. ஆகவேதான் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்பிசைவு, போக்கு. இதற்கு 'டம்பிங்' என்று பெயர். கொட்டிவிடுதல் என்று பொருள். இரண்டாவது அலை ஒன்றும் உண்டு. திடீரென்று ஏறிய சர்க்கரையைக் கண்டு உடல் இன்சுலினை அளவுக்கு மேல் சுரந்துவிடுகிறது. ஒரு மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கண் இருட்டுகிறது. சிலர் மயங்கி விழுகின்றனர். இந்த இரண்டாவது தொல்லை அறுவை முடிந்து ஓராண்டு ஈராண்டுக்குப் பின்னர் தலைகாட்டுவதுண்டு. ஆகவே எவரும் அதைப் பழைய அறுவையோடு இணைத்துப் பார்ப்பதில்லை. வீட்டார் காத்து கருப்பு என்கிறார்கள். அக்கம்பக்கத்தார் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள்.

உள்ளங்கால் எரிச்சல் வேறு கதை. பி-12 என்னும் உயிர்ச்சத்து இறைச்சி, முட்டை, பால் இவற்றில் இருக்கிறது. அதை உணவிலிருந்து பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலமும், குடல் அதை ஏற்றுக்கொள்ள இரைப்பை சுரக்கும் ஒரு தனிப்பொருளும் தேவை. இரைப்பை சுருங்கினால் இரண்டும் குறைகின்றன. ஆனால் நம் கல்லீரல் பி-12ஐப் பல ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைத்திருக்கிறது. எனவே முதலாண்டில் குறை ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு, சிலருக்கு ஐந்தாண்டு கழித்துச் சேமிப்பு தீர்ந்தபின் நரம்பு எரிகிறது, கால் மரக்கிறது, மறதி வருகிறது. நெடுநாள் கவனிக்காவிட்டால் நரம்புக்கு நேர்ந்த கேடு முழுவதும் மீளாது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பெரிதும் ஏற்கப்படுவது சிறுகுடலின் முற்பகுதியில், அதுதானே ஒதுக்கப்பட்டது? ஆகவே இரத்தசோகையும் எலும்புத் தேய்வும். இதற்கெல்லாம் மாத்திரையும் ஊசியும் உண்டு, விலையும் பெரிதன்று. ஆனால் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் சகோதரி என்ன செய்தார்? "உடம்புதான் நன்றாக இருக்கிறதே" என்று இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மருத்துவமனையிலிருந்து வந்த நினைவூட்டல் அழைப்புகளும் அதற்குள் நின்றுபோயிருந்தன. பெரும்பாலோர் கதை இதுவே.

தேயிலை மலையில் வாழும் நமக்கென்று ஒரு செய்தி. உணவோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துத் தேநீர் அருந்தினால், தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு உடலுக்குச் சேரவிடாது. காலையில் ஒரு குவளைத் தேநீரோடு மாத்திரையை விழுங்குவது நம் ஊர்ப் பழக்கம். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கக்கூடாது.

குழாய்போல் குறுக்கிய இரைப்பையுடையவர்களுக்கு வேறொரு தொல்லை மிகுதி. அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல், இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வந்து இருமல். ஆண்டுகள் சென்றபின் சிலருக்கு உணவுக்குழாயின் உட்பூச்சே மாறிவிடுவதால், உள்நோக்கிக் குழாய் வழியாக அவ்வப்போது சோதிப்பது நலம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு, இணைத்துத் தைத்த இடத்தில் புண் வரக்கூடும். புகைப்பதும், மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலிமாத்திரைகளும் அதற்கு முக்கியக் காரணங்கள். கொழுந்து பறித்து முதுகு நோகும் நம் பெண்கள் வலிமாத்திரையை மிட்டாய்போல் விழுங்குகிறார்கள். இவர்களாவது மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடாதிருக்கட்டும். மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரைப்பையின் தடையில்லாததால் மது விரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. முன்பு ஒரு குவளை தந்த போதையை இப்போது அரைக் குவளை தரும். முன்பு குடியாதவர்களும் அறுவைக்குப் பின் குடிக்கு அடிமையான நிகழ்ச்சிகள் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

இரண்டு அபாயங்களை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓயாத வாந்தி சில வாரங்கள் நீடித்தால், தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்து தீர்ந்துபோகும். உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் இல்லை. அப்போது நடை தள்ளாடும், கண் இரட்டையாகப் பார்க்கும், புத்தி குழம்பும். தயமின் கொடாமல் வெறும் குளுக்கோஸ் நீரை நரம்பில் ஏற்றினால் நிலை மேலும் கெடும். ஆகவேதான் மருத்துவரிடம் அறுவையை ஒளிப்பது உயிரோடு விளையாடுவதாகும். மற்றொன்று, மாற்றுவழி அறுவையின்போது குடலை இடம் மாற்றியதால் உள்ளே உண்டான இடைவெளிகளில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். உண்டபின் திடீரென்று முறுக்கும் வலி, வந்து வந்து போகும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமற் போகலாம், சி.டி. படம் வேண்டும். அதிலும் தெளியாவிட்டால் அறுவை மருத்துவரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாயு என்று சுக்குக் கஷாயம் கொடுத்து விடியும்வரை காத்திருக்கும் நேரம் அதுவன்று. அதிலும் உதகைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் செல்ல வேண்டிய நம் போன்றோருக்கு ஒவ்வொரு மணியும் கணக்கில் வரும். நல்லவேளையாக உதகையில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால் கோவைக்கு இறங்கியே தீர வேண்டும் என்ற நிலை சற்றுத் தணிந்திருக்கிறது.

இப்போது அந்த ஒளிப்புக்கு வருகிறேன். ஏன் அவர் மாமியாரிடம் பொய் சொல்ல நேர்ந்தது? "தின்று கொழுத்துவிட்டு இப்போது அறுத்துக்கொள்ளப் போகிறாளாம்" என்ற சொல்லுக்கு அஞ்சித்தான். போசனப்பிரியத்தைத் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாக ஞானோபதேசத்தில் படித்தவர்கள் நாம். அதை வைத்துக்கொண்டு ஒருவருடைய உடற்பருமனைக் கண்டவுடன் அவருடைய ஆன்மாவையே அளந்துவிட்டதாக எண்ணுகிறோம். எடைபார்க்கும் பொறி பாவத்தைக் காட்டாது. பெற்றோர் வழி வந்த உடல்வாகு, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகள், பிள்ளைப்பேறு, கவலை, உறக்கமின்மை என்று பருமனுக்குக் காரணங்கள் பல. ஒல்லியாயிருந்துகொண்டே போசனப்பிரியராய் வாழ்கிறவர்களை நான் அறிவேன், குருக்களிலும் உண்டு. அவர்களை யாரும் ஏளனம் செய்வதில்லை. அறுவையைச் 'சுலபவழி' என்று பேசுகிறவர்கள், ஆயுள் முழுவதும் அரைக் கிண்ணம் சோற்றோடு நின்றுபோகும் வாழ்க்கை எவ்வளவு சுலபம் என்று ஒரு வாரம் வாழ்ந்து பார்க்கட்டும்.

நம் விருந்தோம்பலும் இவர்களுக்குத் தண்டனையாகிறது. திருவிழா அசனத்தில் இலையில் சோறு மிஞ்சினால் பரிமாறுபவர் முகம் சுளிக்கிறார். "இன்னும் ஒரு கரண்டி" என்று ஊற்றும் அன்பு, அவரை அரை மணி நேரத்தில் பின்கட்டுக்கு ஓடவைக்கிறது. வேண்டாம் என்றவரை விட்டுவிடுங்கள், காரணம் கேளாதீர்கள்.

நோன்பைப் பற்றிச் சிலர் என்னைக் கேட்டதுண்டு. திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருவேளை மட்டும் முழு உணவு என்பது பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு, அறுபதாம் வயது தொடங்கும்வரை உள்ள ஒழுங்கு. நோயாளிகளை அது கட்டாது. வயிறு சுருக்கப்பட்டவர் ஒருவேளையில் முழு உணவு உண்ணவும் இயலாது, உண்ணவும் கூடாது. அவர் வழக்கம்போல் ஐந்தாறு வேளை சிறிது சிறிதாக உண்ணட்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசமும் முதியோரையும் நோயுற்றோரையும் கட்டுப்படுத்துவதில்லை. பூசை நேரத்தில் கண் இருட்டும் என்று அஞ்சிக் கோயிலுக்கே வராமல் இருந்த ஒருவருக்கு, இதைச் சொன்ன பின்னரே துணிவு வந்தது.

உணவு முறையில் அவர்கள் கைக்கொள்ள வேண்டியவை கடினமானவை அல்ல. முதலில் முட்டை, மீன், பருப்பு, தயிர், பின்னர் காய், கடைசியில் சோறு. மெதுவாக மென்று உண்ண வேண்டும். உண்ணும்போது தண்ணீர் வேண்டாம்; அரை மணி நேரம் கழித்துப் பருகலாம். கஞ்சியில் சர்க்கரை போட்டுக் குடிப்பதும், பழச்சாறும் இனிப்புத் தேநீரும் டம்பிங்கை அழைத்து வருபவை. ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தச் சோதனை: இரத்தத்தின் அளவு, இரும்பு, பி-12, சுண்ணாம்பு, டி உயிர்ச்சத்து. அறுவையின்போது தரப்பட்ட சீட்டின் நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். எந்த வகை அறுவை, எந்த ஆண்டு என்பது அதில் தெரிய வேண்டும்.

அந்தச் சகோதரி அடுத்த வாரமே கணவரோடு உதகைக்குச் சென்றார். இரத்தசோகையும் பி-12 குறைவும் என்று சோதனையில் தெரிந்தது. ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். படபடப்பு, இனிப்பை விட்ட பத்து நாளில் பாதியாகக் குறைந்தது. கால் எரிச்சல் தணிய மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாமியாரிடம் உண்மையை யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது கணவர் தாமே சொல்லுவதாக ஏற்றுக்கொண்டார். அம்மூதாட்டி சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்க அப்பாவுக்கும் வயிற்றை அறுத்துத் தைத்திருந்தார்கள், அவரும் பாயசம் தொடமாட்டார்" என்றாராம்.